பூமியின் வெப்பத்தைக் கரியமில வாயுவும் நீராவியும் எப்படிப் பிடிக்கின்றன? முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பசுமைக்குடில் விளைவு என்றதும் பூமியைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூரை, அதில் முட்டிக்கொண்டு திரும்பி வரும் சிவப்பு அம்புக்குறிகள், இந்தப் படம்தான் பெரும்பாலும் மனசில் வரும். எனக்கும் பல வருஷம் அதுதான் இருந்தது. முழுக்கத் தப்பான படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு நகர முடியாது. பத்தாயிரத்தில் நாலு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே இருக்கிற கரியமில வாயு இவ்வளவு வேலை செய்யுமா? நீராவிதான் அதிகமாகப் பிடிக்கிறது என்றால் கரியமில வாயுவைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு? பிடிக்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே பிடித்துவிட்டது என்கிறார்களே, அப்புறம் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன ஆகிவிடும்? கண்ணாடிக் கூரைப் படத்தில் இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது. வெப்பம் எந்த உயரத்திலிருந்து வெளியே கிளம்பிப் போகிறது என்று கேட்கப் பழகிவிட்டால் மூன்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. அந்த இடத்துக்குப் படிப்படியாகப் போவோம். தேவையானது ஒரு கால்குலேட்டர், உங்கள் இரண்டு கைகள், கிடைத்தால் ஒரு அகச்சிவப்புத் தெர்மாமீட்டர், கடைசியில் இணைய இணைப்பு.

படி 1: முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், இரண்டு நிமிஷ வேலைதான். பூமி இருக்கும் தூரத்தில் சூரிய ஒளிக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டரில் 1361 வாட் விழுகிறது. பூமி உருண்டை, அதிலும் பாதி எப்போதும் இருட்டில் இருக்கிறது, ஆகவே மொத்தப் பரப்புக்கும் பங்கு போட்டால் 4ஆல் வகுக்க வேண்டும்: 340. அதில் நூற்றுக்கு 30 பங்கை மேகங்களும் பனியும் வெளிர்நிறத் தரையும் காற்றும் அப்படியே விண்வெளிக்குத் திருப்பிவிடுகின்றன. மிச்சம் சுமார் 238 வாட். இவ்வளவு உள்ளே வருகிறது என்றால், நீண்டகால ஓட்டத்தில் இவ்வளவும் வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் பூமி சூடாகிக்கொண்டே போகும், அல்லது குளிர்ந்துகொண்டே போகும்.

வெப்பம் வெளியே போக ஒரே வழி கதிர்வீச்சுதான். விண்வெளியில் காற்று இல்லை, தொட்டுக் கடத்த ஒன்றும் இல்லை. ஒரு பொருள் எவ்வளவு கதிர்வீசும் என்பது அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, அதைப் பெருக்க வேண்டிய மாறிலி 0.0000000567. ஆகவே 238ஐ இந்த எண்ணால் வகுத்துவிட்டு, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். திரையில் 255க்கு ஒட்டி ஒரு எண் வரும். அது கெல்வின். செல்சியசில் மைனஸ் 18.

ஆனால் தரையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ பிளஸ் 15. நடுவில் 33 டிகிரி வித்தியாசம். இந்த 33தான் நாம் பேசப்போகும் விஷயம் முழுவதும். இப்போது எதிர்த்திசையில் போடுங்கள்: 15 டிகிரியில், அதாவது 288 கெல்வினில், தரை எவ்வளவு கதிர்வீசும்? 390 வாட். தரை 390 அனுப்புகிறது, விண்வெளிக்குப் போய்ச் சேருவதோ 240க்குப் பக்கத்தில். நடுவில் 150 வாட் எங்கே போனது? யாரும் திருடவில்லை, காற்று அதை வாங்கி வேறு மாதிரிக் கையாள்கிறது. எப்படி என்பதுதான் மீதிப் படிகள்.

படி 2: இரண்டு வகை ஒளியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

சூரியன் சுமார் 5770 கெல்வின் சூடு, அதன் ஒளி 0.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது, அது நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளி. பூமி 288 கெல்வின், அதன் கதிர்வீச்சு 10 மைக்ரோமீட்டரில் உச்சம் தொடுகிறது, அதை நாம் பார்க்க முடியாது, அதற்கு அகச்சிவப்பு என்று பெயர். இருபது மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத அளவுக்கு விலகி நிற்பதால், ஒன்றுக்கு வழிவிட்டு மற்றொன்றைப் பிடிக்கிற பொருள் இருக்க முடியும்.

இதை நேரில் பார்க்க ஒரு சுலபமான வழி, வெப்பப் படக்கருவி ஒன்று கையில் கிடைத்தால். ஒருவர் முகத்துக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியைப் பிடியுங்கள்: கண்ணுக்கு முகம் தெளிவாகத் தெரியும், வெப்பப் படத்தில் முகம் காணாமல் போய் அந்த இடத்தில் கண்ணாடியின் சொந்த வெப்பம்தான் தெரியும். அடுத்து ஒரு மெல்லிய கறுப்புக் குப்பைப் பையைப் பிடியுங்கள்: கண்ணுக்கு முகம் மறைந்துவிடும், வெப்பப் படத்தில் பை இல்லாத மாதிரியே முகம் தெரியும். ஒளிபுகும் பொருள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை, எந்த ஒளி புகும் என்று கேட்க வேண்டும் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

1859இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் இந்தப் பிரச்சினையைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. வாயுக்களை ஒரு பித்தளைக் குழாயில் அடைத்து, ஒரு முனையில் சூடான பொருள், மறுமுனையில் வெப்பத்தை அளக்கும் கருவி. குழாயின் இரண்டு வாயையும் கண்ணாடியால் மூடினால் கண்ணாடியே வெப்பத்தைத் தின்றுவிடும். அதனால் அகச்சிவப்பை விடும் பாறை உப்பைத் தகடாக்கி அடைத்தார். ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறக்குறைய ஒன்றையும் தடுக்கவில்லை, நீராவியும் கரியமில வாயுவும் தடுத்தன. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1856இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கரியமில வாயு உள்ள குழாய்தான் அதிகம் சூடேறுகிறது என்று பதிவு செய்திருந்தார். அவர் வைத்தது வெயிலில், அதனால் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அந்தச் சோதனை தனியாகப் பிரித்துக் காட்டவில்லை. ஆனால் காற்றில் இந்த வாயு அதிகமாக இருந்தால் பூமி இன்னும் சூடாக இருந்திருக்கும் என்று முதலில் எழுதியவர் அவர்தான், அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 3: எழுந்து நின்று கைகளை விரியுங்கள்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவை இரண்டும் பூமியின் வெப்பத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஏன்?

ஒளி என்பது ஒரு மின்-காந்த அலை. அது ஒரு மூலக்கூறைப் பிடித்து ஆட்ட வேண்டுமானால் பிடிப்பதற்கு ஒரு மின் கைப்பிடி வேண்டும்: மூலக்கூறின் ஒரு பக்கம் லேசாக நேர்மின், இன்னொரு பக்கம் லேசாக எதிர்மின் என்று ஒரு சாய்வு இருக்க வேண்டும், ஆடும்போது அந்தச் சாய்வு மாற வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறு இரண்டு ஒரே மாதிரி அணுக்கள். இரண்டு முஷ்டியையும் எதிரெதிரே பிடித்து விலக்கிச் சேர்த்துப் பாருங்கள், எப்படி ஆட்டினாலும் இரண்டு பக்கமும் சமம். கைப்பிடியே இல்லை.

இப்போது நேராக நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரியுங்கள், நீங்கள்தான் கரியமில வாயு மூலக்கூறு. உங்கள் உடம்பு கார்பன், முஷ்டிகள் இரண்டும் ஆக்சிஜன். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் முஷ்டிகள் கொஞ்சம் எதிர்மின், உடம்பு கொஞ்சம் நேர்மின். சும்மா நிற்கும்போது இரண்டு பக்கமும் சமன், சாய்வு இல்லை. இரண்டு முஷ்டிகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளி உள்ளே இழுங்கள்: அப்போதும் சமன்தான், இந்த அசைவை ஒளியால் தூண்ட முடியாது. அடுத்து, வலது முஷ்டி வெளியே போகும்போது இடது முஷ்டியை உள்ளே இழுங்கள்: சமன் குலைகிறது, இது 4.26 மைக்ரோமீட்டர் ஒளியைப் பிடிக்கும். கடைசியாகப் பறவை சிறகடிப்பது மாதிரி இரண்டு கைகளையும் சேர்த்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மூலக்கூறு வளைகிறது, சாய்வு மேலும் கீழும் மாறுகிறது. இதுதான் 15 மைக்ரோமீட்டர் அசைவு. பூமியின் வெப்பம் தாராளமாக இருக்கிற பகுதியிலேயே இது விழுகிறது. 4.26இல் பூமி அனுப்பும் வெப்பம் மிகக் குறைவு, அதனால் நம் கதைக்கு அந்தச் சிறகடிப்புதான் முக்கியம்.

தண்ணீர் மூலக்கூறு இன்னும் தாராளம். அது நேர்கோடு கிடையாது, 104.5 டிகிரியில் வளைந்தே பிறந்தது, கைகளைத் தொங்கவிட்டு விரித்த மாதிரி. சும்மா இருக்கும்போதே சாய்வு உண்டு, ஆகவே அது வெறுமனே சுழன்றாலே ஒளியைப் பிடிக்கும். அதனால் நீராவிக்கு இரண்டு பெரிய பிடிமானங்கள்: வளையும் அசைவு 6.3 மைக்ரோமீட்டரைச் சுற்றி, சுழற்சி ஏறத்தாழ 15க்கு மேலே தொடங்கி நீண்ட அலைநீளங்கள் முழுக்க. ஒரு தாளில் 4 முதல் 50 வரை கோடு போட்டு இவற்றை நிழலடித்துப் பாருங்கள். நடுவில் 8 முதல் 12 வரை வெள்ளையாக இருக்கும். அதற்கு ஜன்னல் என்றுதான் பெயர், தெளிந்த வானத்தில் தரையின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போகிற வழி. 9.6இல் ஓசோன் ஒரு சின்னக் கீற்றை மறைக்கும். கரியமில வாயுவின் 15 அந்த ஜன்னலின் ஓரத்தில், நீராவியின் பிடி தளர்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடம்தான் அதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 420க்கும் மேல் கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன்பு 280 இருந்தது. மிச்சமுள்ள ஏறக்குறைய பத்து லட்சமும் இந்த அலைநீளத்தில் இல்லாத மாதிரிதான், அதனால் எத்தனை சதவீதம் என்று கேட்பதில் பயன் இல்லை, ஒளி போகிற வழியில் எத்தனை மூலக்கூறு குறுக்கே நிற்கிறது என்று கேளுங்கள். 15 மைக்ரோமீட்டரின் நடுமையத்தில், கடல் மட்டக் காற்றில், வெப்பக்கதிர் சில மீட்டர் தாண்டுவதற்குள் பிடிபட்டுவிடுகிறது.

படி 4: பிடித்த பிறகு என்ன நடக்கிறது

இங்கேதான் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடம் மாறுகிறார்கள். ஒரு மூலக்கூறு கதிரைப் பிடிக்கும், உடனே வேறு பக்கம் துப்பும், அது பந்து மாதிரி எகிறி எகிறி வரும் என்று படத்தில் காட்டுவார்கள். நிஜத்தில், ஆடத் தொடங்கிய கரியமில வாயு மூலக்கூறு தானாகக் கதிரை வெளிவிட ஒரு நொடியின் பெரும்பகுதி ஆகும். அதற்குள் அது சும்மா விடப்படுவதில்லை. தரைமட்டக் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது, ஏறத்தாழ ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே ஏதோ ஒரு மோதலில் தன் ஆட்டத்தைப் பக்கத்து நைட்ரஜனுக்கோ ஆக்சிஜனுக்கோ கொடுத்துவிடும். அது கொஞ்சம் வேகமாக ஓடும். வேகமாக ஓடும் காற்று என்றால் சூடான காற்று. ஆக, பிடிப்பது கரியமில வாயு, சூடாவது மொத்தக் காற்றும்.

சரி, அப்படியென்றால் வாயு கதிரே வீசாதா? வீசும், வேறு வழியாக. அதே மோதல்கள் எதிர்த்திசையிலும் நடக்கின்றன: சும்மா கிடந்த கரியமில வாயு மூலக்கூறுகள் இடிபட்டு ஆடத் தொடங்குகின்றன, எந்த நேரத்திலும் நூற்றுக்குச் சில மூலக்கூறுகள் இப்படி ஆடிக்கொண்டே இருக்கும், அவற்றில் சொற்பமானவை மோதலுக்கு முந்திக்கொண்டு கதிரை விட்டுவிடுகின்றன. மூலக்கூறுகளின் எண்ணிக்கை கணக்கில் அடங்காதது என்பதால் சொற்பமே பெரிய தொகையாகிறது. எத்தனை ஆடும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பநிலை மட்டுமே. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அடுக்குக் காற்று வெளியிடும் கதிர், அது எவ்வளவு வாங்கியது என்பதைப் பார்த்து வருவதில்லை, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. சூடான அடுக்கு அதிகம் வீசும், குளிர்ந்த அடுக்கு குறைவாக வீசும்.

அந்தக் கதிரில் ஒரு பகுதி கீழேயும் வருகிறது. இது ஊகம் கிடையாது, வானத்தைப் பார்த்தபடி வைத்த கருவிகளால் தினமும் அளக்கிறார்கள். உலக சராசரியில் சதுர மீட்டருக்கு 340 வாட் அளவுக்கு வானத்திலிருந்து தரைக்கு வெப்பக்கதிர் விழுகிறது, இரவும் பகலும். தரை உறிஞ்சுகிற வெயிலே சராசரியில் 160 வாட்தான் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

குளிர்ந்த வானம் சூடான தரையை எப்படிச் சூடாக்கும், அது இயற்பியல் விதிக்கே முரண் ஆயிற்றே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கொடுக்கல் வாங்கலைக் கூட்டிக் கழித்தால் வெப்பம் தரையிலிருந்து வானத்துக்குத்தான் போகிறது, விதி மீறப்படவில்லை. தலைக்கு மேலே வெறும் விண்வெளி இருந்தால் திரும்ப ஒன்றுமே வராது, குளிர்ந்த காற்று இருந்தால் கொஞ்சம் திரும்பி வருகிறது, அதனால் தரைக்கு நிகர இழப்பு குறைகிறது. சூரியன் அதே அளவு கொடுத்துக்கொண்டிருக்க இழப்பு குறைந்தால் தரை சூடேறத்தானே வேண்டும்.

படி 5: உயரத்துக்குப் போங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது.

15 மைக்ரோமீட்டர் கதிர் ஒன்று தரையிலிருந்து கிளம்பினால் சில மீட்டரில் செத்துப்போகும். அங்குள்ள காற்று தன் சூட்டுக்கு ஏற்ற புதுக் கதிரை விடும், அதுவும் மேலே கொஞ்ச தூரத்தில் பிடிபடும். இப்படியே மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, குறுக்கே நிற்கும் மூலக்கூறுகள் குறைகின்றன. ஒரு உயரத்தில், மேலே நோக்கிக் கிளம்பும் கதிருக்கு இனித் தடுக்க ஆள் இல்லை என்கிற நிலை வரும். அங்கிருந்துதான் அது விண்வெளிக்குத் தப்புகிறது. வெளியிலிருந்து பூமியைப் பார்க்கிற ஒரு கருவிக்கு, அந்த அலைநீளத்தில் தெரிவது தரை அல்ல, அந்த உயரத்துக் காற்று.

அந்த உயரத்துக் காற்று குளிர்ந்தது. தரையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. முதல் படியில் வந்த 33ஐ 6.5ஆல் வகுங்கள்: ஏறத்தாழ 5. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பூமி சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 18 டிகிரியில் இருந்து கதிர்வீசுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் கால்குலேட்டரில் கண்டுபிடித்த வெப்பநிலை கற்பனை எண் இல்லை, அது நிஜமாகவே அங்கே, நம் தலைக்கு மேலே இருக்கிறது.

இப்போது கரியமில வாயு கூடுகிறது என்று வையுங்கள். தப்பிக்கும் உயரத்துக்கு மேலேயும் தடுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பழைய உயரத்திலிருந்து கிளம்பும் கதிர் இனித் தப்ப முடியாது, இன்னும் மேலே, இன்னும் குளிர்ந்த அடுக்கிலிருந்துதான் போக முடியும். குளிர்ந்த அடுக்கு குறைவாக வீசும். உள்ளே வருவது அதே 238, வெளியே போவது குறைந்துவிட்டது. கரியமில வாயு இரட்டிப்பானால் இந்தப் பற்றாக்குறை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 வாட். கணக்கு மறுபடி சமன் ஆகும்வரை அடியிலிருந்து மேல்வரை மொத்தமும் சூடேறும். தப்பிக்கும் உயரம் சராசரியில் 150 மீட்டர் மாதிரி ஏறுகிறது என்று எடுத்தால், 6.5 வீதத்தில் தரைக்கு 1 டிகிரி வருகிறது. வேறு எதுவும் மாறாவிட்டால் இரட்டிப்புக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் என்று விரிவான கணக்குகளும் சொல்கின்றன.

பிடிக்க வேண்டியதை எல்லாம் பிடித்தாகிவிட்டது என்கிற வாதத்தின் ஓட்டை எங்கே என்று இப்போது தெரிகிறதா? 1900இல் ஸ்வீடனில் நுட் ஆங்ஸ்ட்ராம் ஆய்வகக் குழாயில் சோதித்துவிட்டு அதைத்தான் சொன்னார், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆரீனியஸ் போட்ட கணக்கை அதனால் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டினார்கள். தரையிலிருந்து கிளம்பும் கதிர் முழுதாகப் பிடிபடுகிறது என்பது 15இன் நடுமையத்துக்கு உண்மைதான். ஆனால் வெளியே போகிற வெப்பத்தைத் தீர்மானிப்பது கீழே எவ்வளவு பிடிபடுகிறது என்பதல்ல, மேலே எங்கே விடுபடுகிறது என்பது. அதோடு, 15இன் நடுமையம் நிறைந்துவிட்டாலும் இரண்டு ஓரங்களும், 13, 14 பக்கமும் 16, 17 பக்கமும், நிறையவில்லை. ஓரத்துக்குப் போகப் போகப் பிடி படிப்படியாகத் தளர்வதால், ஒவ்வொரு இரட்டிப்பும் ஏறக்குறைய அதே அளவு புது இடத்தைச் சேர்க்கிறது. 280இலிருந்து 560க்கு என்ன விளைவோ, 560இலிருந்து 1120க்கும் ஏறத்தாழ அதே விளைவு.

படி 6: நீராவியின் இடத்தைச் சரியாக வையுங்கள்

இன்றைய பசுமைக்குடில் விளைவை முழுசாக எடுத்துப் பங்கு பிரித்தால் நீராவிக்குப் பாதி, மேகங்களுக்குக் கால் பங்கு, கரியமில வாயுவுக்கு ஐந்தில் ஒரு பங்கு, மற்ற வாயுக்களுக்கு மிச்சம் என்று வருகிறது. நீராவிதான் பெரியது, மறைக்க வேண்டியதில்லை. வறண்ட பாலைவனத்தில் பகலில் கொதித்த தரை இரவில் சட்டென்று குளிர்வதும், ஈரக்காற்று நிறைந்த இடத்தில் இரவு முழுக்கப் புழுக்கம் விடாததும் அதன் கைவேலை.

ஆனால் நீராவி காற்றில் தங்குவது சராசரியாக ஒன்பது பத்து நாள். அதிகமானால் மழையாக விழுந்துவிடும், குறைந்தால் கடலிலிருந்து ஏறிவிடும். எவ்வளவு இருக்கலாம் என்பதைக் காற்றின் சூடுதான் சொல்கிறது: ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமாக இருக்க முடியும். கரியமில வாயு பூமியின் எந்தக் குளிரிலும் மழையாக விழுவதில்லை, நாம் விட்டதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான வருஷம் காற்றிலேயே இருக்கும். ஆகவே கரியமில வாயு வெப்பநிலையை ஏற்றினால் நீராவி பின்னாலேயே வந்து அந்த ஏற்றத்தைப் பெரிதாக்கும். முன்னே சொன்ன ஒரு டிகிரி, நீராவி, மேகம், பனி எல்லாம் சேர்ந்த பிறகு 3 டிகிரிக்குப் பக்கத்தில் போகும் என்பது 2021இல் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் மதிப்பீடு, 2.5இலிருந்து 4 வரை இருக்கலாம் என்ற இடைவெளியோடு. எதிர்த்திசையிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் நாசாவின் கோடார்ட் நிறுவனத்தார் கணினி மாதிரியில் கரியமில வாயு உட்பட மழையாக விழாத வாயுக்கள் அனைத்தையும் எடுத்துவிட்டார்கள். முதல் வருஷத்திலேயே 4.6 டிகிரி இறங்கியது, நீராவி உறைந்து கொட்டிப் போனது, ஐம்பது வருஷத்தில் உலக சராசரி மைனஸ் 21. நீராவியால் தனியாகத் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

உயரத்தையும் மறக்காதீர்கள். நீராவியில் பாதிக்கு மேல் தரையிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கிடக்கிறது, மேலே குளிர் அதை உறிஞ்சிவிடுகிறது. கரியமில வாயுவோ தரையிலும் பத்துக் கிலோமீட்டரிலும் அதற்கு மேலேயும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கலந்திருக்கிறது. வெப்பம் தப்பிக்கிற அந்த உயர்ந்த, வறண்ட, குளிர்ந்த இடத்தில் அதற்குப் போட்டியே இல்லை.

படி 7: நீங்களே அளந்து பாருங்கள்

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தால் திறந்த வெளிக்குப் போங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். முதலில் தரை, அப்புறம் நேர்மேலே தெளிந்த வானம், அப்புறம் ஒரு தாழ்ந்த மேகம். தரை 30 என்று காட்டும்போதே வானம் பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்கு வெகு கீழேயோ காட்டும், வறண்ட நாள் என்றால் கருவியின் எல்லையையே தாண்டிவிடும். மேகம் வந்ததும் எண் மடமடவென்று ஏறும். நேர்மேலே பார்த்துவிட்டு மெல்ல அடிவானத்துப் பக்கம் சாய்த்தாலும் ஏறும், ஏனென்றால் சாய்வாகப் பார்க்கும்போது வழியில் அதிகக் காற்று இருக்கிறது. நான் முதல்முறை சாய்த்தபோது எண் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், அது வரை தாளில் மட்டுமே இருந்தது கைக்கு வந்த மாதிரி இருந்தது. ஒன்றை ஞாபகம் வையுங்கள்: இந்தக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும், அதாவது அந்த ஜன்னலை. ஆகவே நீங்கள் காண்பது முக்கியமாக நீராவியும் மேகமும், கரியமில வாயுவின் பங்கு அதில் கொஞ்சம்தான்.

கரியமில வாயுவுக்கு வேறொரு கருவி. அறைக் காற்றின் தரம் பார்க்க விற்கும் கரியமில வாயு மீட்டர்களில் அகச்சிவப்பு வகை ஒன்று உண்டு. உள்ளே ஒரு குட்டி விளக்கு, ஒரு சின்னக் குழாய், மறுமுனையில் 4.26 மைக்ரோமீட்டரை மட்டும் விடும் வடிகட்டி போட்ட உணரி. ஒளி எவ்வளவு குறைந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அளவு சொல்கிறது. அதன்மேல் ஒருமுறை ஊதுங்கள், மூச்சில் 4 சதவீதம் கரியமில வாயு இருப்பதால் எண் உச்சிக்குப் போய்விடும். டிண்டாலின் பித்தளைக் குழாய் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

இரண்டு பாட்டில், ஒன்றில் காற்று, ஒன்றில் கரியமில வாயு, மேலே விளக்கு, தெர்மாமீட்டர் என்று ஒரு செய்முறை நிறைய இடங்களில் காட்டப்படுகிறது. அதைத் தவிர்க்கச் சொல்வேன். அங்கே வரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி, கனமான வாயு மேலுள்ள காற்றோடு கலக்காமல் தங்குவதால் வருவது, வெப்பக்கதிரைப் பிடிப்பதால் வருவது அல்ல. சரியான ஒன்றைத் தவறான காரணத்தால் நிரூபித்தால், பின்னால் கேள்வி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

படி 8: விண்வெளியிலிருந்து எடுத்த நிறமாலையைப் படியுங்கள்

1970இல் ஏவிய நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமியின் வெளியேறும் வெப்பத்தை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பதிவு செய்தது. சஹாரா மேல் எடுத்த வரைபடத்தைத் தேடி எடுங்கள். ஜன்னல் பகுதியில் கோடு சுமார் 320 கெல்வின் வளைவை ஒட்டிப் போகும், அது பகல் நேரத்துக் கொதிக்கிற மணல். 15 மைக்ரோமீட்டரில் ஒரு பெரிய பள்ளம், அதன் அடி 220 கெல்வின் பக்கம், அது மேலே உறைந்து கிடக்கிற காற்று. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில். படி 5 முழுவதும் அந்த ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது.

அப்புறம் அன்டார்க்டிகா மேல் எடுத்ததைப் பாருங்கள். 15இல் பள்ளம் இல்லை, மேடு! விளக்கத்தைப் படிக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே பனித்தரை அதன் தலைக்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்தது. கரியமில வாயு தான் இருக்கும் உயரத்தின் வெப்பநிலையில் வீசுகிறது, அது தரையைவிடச் சூடு, அதனால் மேடு. கண்ணாடிக் கூரைப் படத்தால் இந்த மேட்டை விளக்கவே முடியாது.

இதற்கு அடுத்தபடியாக, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மோட்ரான் (MODTRAN) பக்கத்தைத் திறங்கள், காற்று வழியாக வெப்பக்கதிர் எப்படிப் போகிறது என்று கணக்கிடும் நிரல் அது. 70 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வைத்து, கரியமில வாயுவை 280 ஆக்கி, வெளியேறும் வாட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 560 ஆக்குங்கள், எண் குறையும், பள்ளத்தின் ஓரங்கள் அகலும். இப்போது தரை வெப்பநிலைக்கான பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி பழைய எண்ணை மறுபடி கொண்டுவாருங்கள், எத்தனை டிகிரி தேவைப்பட்டது என்று குறியுங்கள். அதே சோதனையை நீராவியின் அழுத்தம் மாறாமல் ஒருமுறை, ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் இருக்க முடிகிற நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) மாறாமல் ஒருமுறை செய்யுங்கள், இரண்டாவது முறை அதிக டிகிரி கேட்கும், அந்த வித்தியாசம்தான் படி 6. கடைசியாக உயரத்தைப் பூஜ்ஜியமாக்கி, பார்வையை மேல்நோக்கித் திருப்பி, நீராவியின் அளவையும் பூஜ்ஜியமாக்குங்கள். வரைபடத்தில் ஏறக்குறைய எல்லாம் அணைந்துபோன பிறகும் 15க்கு நேரே ஒரு தூண் நிமிர்ந்து நிற்கும்.